டிரெஸர் முதல் மருந்தாளுநர் வரை



கொள்ளைநோய் வரும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, "மருந்து எங்கே கிடைக்கும்?" என்பதாகும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. "யாரைக் கேட்பது?" என்பதே அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் இதற்கு என்ன விடை கண்டனர் என்பதை இன்று பார்ப்போம்.

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் மலேரியாக் காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மைக்கு, 1897இல் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் வழி திறந்திருந்தார். அதை நம்பி வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சலும் தணிந்தது.

தோட்டங்களில் கொயினா கொடுத்தார்கள். கசப்புக்கு அஞ்சி விழுங்காதவர்கள் இருந்ததால், காலைப் பிரட்டில் கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள். மருந்து கிடைத்தது, ஆனால் ஏன், எவ்வளவு, எத்தனை நாள் என்று தொழிலாளிக்கு விளக்கிச் சொன்னவர் குறைவு.

1918இல் உலகைச் சுற்றிய இன்புளுவென்சா மலாயாவுக்கும் வந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் மாண்டனர். நோய்க்குக் காரணமான கிருமி 1933இல்தான் கண்டறியப்பட்டது. அன்று அதைக் கொல்லும் மருந்தே இல்லை. ஓய்வு, நீர், கஞ்சி, அருகில் இருந்து கவனிக்கும் கை ஆகியவையே துணை. இதைத்தான் இன்று சுயப் பராமரிப்பு என்கிறோம்.

பின்னர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்த டிரெஸரே நம் குடும்பங்களுக்கு அருகில் கிடைத்த ஆலோசகர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் சட்டமே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மில் பலர் நகரத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோம். டிரெஸர் உடன் வரவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள், கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போதும் திறந்திருந்தவற்றுள் மருந்தகங்களும் அடங்கும். 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. நோய் கடுமையாகாதவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் சுயபரிசோதனைக் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பரில் சில்லறை விலைக்கு 19 வெள்ளி 90 காசு என உச்சவரம்பு வந்தது. பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், கருவியை எப்படிப் பயன்படுத்துவது, விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவி 95க்குக் கீழே காட்டினால் என்ன செய்வது என்று அருகில் கேட்கக் கிடைத்தவர் மருந்தாளுநர். டிரெஸர் விட்டுச் சென்ற இடம் அது.

எனினும், சுயப் பராமரிப்பு வேறு, சுய மருத்துவம் வேறு. அக்காலத்தில் ஐவர்மெக்டின் என்ற மாத்திரையைத் தாமே தேடி உண்டவர்கள் உண்டு. சுகாதார அமைச்சு எச்சரிக்க வேண்டியதாயிற்று. சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கும் பல மருந்துகளில் பாராசிட்டமோல் வேறு வேறு பெயரில் அடங்கியுள்ளது. இரண்டையும் சேர்த்து உண்டால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். 500 மில்லிகிராம் மாத்திரையாயின், பெரியவர்க்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. சில சளி மருந்துகள் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஆகவே கடையில், "மருந்தாளுநர் இருக்கிறாரா?" என்று தயங்காமல் கேளுங்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே அப்பெயருக்கு உரியவர். நாம் உண்ணும் சர்க்கரை, அழுத்த மருந்துகளைச் சொல்லுங்கள். இம்மருந்து எதற்கு, எத்தனை வேளை, எந்த அறிகுறி வந்தால் மருத்துவமனைக்குச் செல்வது என்று கேளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் கடைக்குச் செல்லாமல் மருத்துவமனைக்கே விரையுங்கள்.

பிரட்டில் நின்ற நம் முன்னோர் கேட்க முடியாமல் விழுங்கினார்கள். நாமோ கேட்டு அறிந்து உண்ணும் உரிமை பெற்றவர்கள். அவ்வுரிமையை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.