தெளிந்த நீரில் செத்த மீன்கள்

பர்கூரில் நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, ஜப்பானிய ‘கோய்’ மீன்களை வளர்த்து வந்தார். நீர் கலங்கலாகத் தெரியவே, வடிகட்டியிலிருந்த மணலையும் சரளையையும் குளோரின் கலந்த குழாய் நீரில் நன்றாக அலசிப் போட்டார். நீர் கண்ணாடி போல் தெளிந்தது. ஆனால் நான்காம் நாள் மீன்கள் செத்து மிதந்தன! தொட்டியின் ஆழம் போதாது என்றார் ஒருவர். பெரிய பம்பு வேண்டும் என்றார் மற்றொருவர். உண்மைக் காரணத்தை அறிய வடிகட்டியின் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

1829 இல் லண்டனின் செல்சி நீர்நிலையத்தில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர், தேம்ஸ் ஆற்று நீரை மணற்படுகை வழியே மெல்ல இறங்கச் செய்தார். சென்னை கீழ்ப்பாக்கத்திலும் 1914 இல் இம்முறை வந்தது. மணல் ஒரு நுண்ணிய சல்லடை என்பதே சிம்ப்சன் காலத்து எண்ணம்.

1877 இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற பிரெஞ்சு அறிவியலார் இருவர் இதை மாற்றினர். மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாயில் அவர்கள் சாக்கடை நீரைச் சொட்டவிட்டனர். முதலில் உள்ளே சென்ற அம்மோனியா அப்படியே வெளிவந்தது. சுமார் 20 நாட்களுக்குப் பின் அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுவிட்டது. மணலுக்கு மயக்கம் வருமா? வேலை செய்தவை மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே! 1890 இல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்தார். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதனை நைட்ரேட்டாக்கும்.

கோய், ஜப்பானின் நீகாதா மலைக்கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் வண்ணத்துக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட கெண்டையினம். நிறையத் தின்னும், செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. அவற்றோடு ஒப்பிட்டால் நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. அம்மோனியாவுக்கு நிறமில்லை, ஆகவே தெளிந்த நீர் நல்ல நீராகிவிடாது. நண்பர் கழுவிக் கொட்டியது அழுக்கை மட்டுமன்று, உழைப்பாளிகளையுமே.

இங்கே ஒரு சிறு கணக்கு. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகளாலான 1 கன மீட்டர் மணலில், இடைவெளி 40 சதவீதம் எனக் கொள்வோம். மணிகளின் மொத்த மேற்பரப்பு 3,600 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 90 சென்ட் நிலம்! நுண்ணுயிர்கள் குடியிருக்க அவ்வளவு இடம். ஆனால் அவை உழைக்க ஆக்சிஜன் தேவை. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 30 ஆக உயர்ந்தால், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராமாக இருந்த ஆக்சிஜன் 7.5 ஆகக் குறையும். எனவே நம் கோடையில் நீரோட்டம் இரவும் பகலும் நிற்கலாகாது.

இனித் தொட்டி கட்டுவோர், ஆழத்தையும் பம்பையும் பற்றி வாதிடுமுன் மீன்களின் எண்ணிக்கைக்கேற்ற வடிகட்டியை அமைக்கட்டும். முதலில் சில மீன்களை மட்டும் விட்டு, சில வாரங்கள் பொறுக்கட்டும். வடிகட்டியைக் கழுவ நேர்ந்தால், ஒரு பகுதியை மட்டும், தொட்டி நீரிலேயே மெல்ல அலசினால் போதும்.