வண்டிக்கு முன்னால் ஓடுகிற கடதாசி

கடல் கடந்து நீண்ட தூரம் மோட்டார் சைக்கிளில் போவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எங்கட வயதுக்காரர் முதலில் இழுப்பது வண்டியைத்தான். எத்தனை சீசீ, எந்த டயர், பெட்டியை எங்கே கட்டுவது, ஒரு டாங்கி பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும். அதுக்குப் பிறகு கட்டாயம் சேகுவேராவின் பெயர் வரும். 1952இன் தொடக்கத்தில் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய நோர்ட்டன் 500இல் தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட அந்த மருத்துவ மாணவனின் கதையைப் படமாகவாவது பார்த்திருப்போம். ஆனால் அந்த வண்டி சிலியிலேயே செத்துப்போனது, மிச்சத் தூரத்தை அவர்கள் லொறிகளிலும் படகுகளிலும் ஏறி இறங்கித்தான் போனார்கள் என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

வண்டி செத்த பிறகும் அந்தப் பயணம் போனது. எல்லையில் காட்ட ஒரு கடதாசி இல்லாமல் நின்றிருந்தால் போயிருக்குமா? இப்படியான பயணங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான். எஞ்சின் பற்றிய கதைகளை விட, யார் போகலாம், யார் போகக்கூடாது என்ற கதைதான் அதில் பெரிசாக இருக்கிறது.

1912இல் இருந்து தொடங்குவோம். நியூயோர்க்கில் விளம்பரம் எழுதும் வேலை செய்த கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சிக்கு அப்போது வயது 22. மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றுவது என்று முடிவெடுத்தார். வோல்டர் ஸ்டோரி என்ற நண்பரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். நாலு சிலிண்டர் ஹென்டர்சன் வண்டிகள் அந்த வருடம்தான் சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒரே ஒரு கியர் மட்டும் உள்ள வண்டி. செலவுக்கு வழி, போகும் இடங்களில் இருந்து சைக்கிள், மோட்டார் சைக்கிள் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்புவது. இன்றைக்கு வீடியோ போட்டுப் பயணச் செலவைத் தேடுகிறவர்களின் முப்பாட்டன் என்று இவரைச் சொல்லலாம்.

அயர்லாந்தில் டப்ளினில் தொடங்கிய பயணத்தில் ஸ்டோரி பாரிஸோடு விலகிக்கொண்டார். கிளான்சி தனியே ஸ்பெயின், வட ஆபிரிக்கா என்று போய், 1913இல் கப்பலில் இலங்கைக்கு வந்து இறங்கினார். இங்கேயும் வண்டி ஓட்டினார். பிறகு ஜப்பான், அங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை, அதைக் குறுக்கறுத்து 1913 ஓகஸ்ட்டில் நியூயோர்க். ஏறத்தாழ 18,000 மைல். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அவருடைய துணிச்சலை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பல இடங்களில் பெற்றோல் தகரத்தில் விற்ற சாமான். வரைபடத்தில் இருக்கிற பாதை நிலத்தில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவருக்குச் சுலபமாக இருந்தது. முதலாம் உலகப் போருக்கு முந்திய மேற்கு ஐரோப்பாவில் பல எல்லைகளில் கடவுச்சீட்டுக் கேட்கிற வழக்கமே இருக்கவில்லை. ஆசியாவின் துறைமுகங்களையோ பேரரசுகளின் கப்பல்கள் ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தன. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் வண்டியோடு வந்து இறங்கினால் அது பத்திரிகைச் செய்தி. அவனை யாரும் தடுத்துவைக்கப் போவதில்லை.

அதே 1913இல் இதே தீவில் வேறு ஆட்களும் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். தென்னிந்தியாவில் இருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் கழுத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு மாற 'துண்டு' வேணும். கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற கடதாசி அது. ஆங்கில ஆவணங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதாவது, கிளான்சி இந்தத் தீவின் றோட்டுகளில் தன் இஷ்டத்துக்கு ஓடித் திரிந்த நாட்களில், அந்த றோட்டுகள் யாருடைய உழைப்பைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போடப்பட்டனவோ அவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவே ஒரு கடதாசி தேவைப்பட்டது.

போர் முடிந்ததும் ஐரோப்பியர்களுக்கும் கடதாசிக் காலம் வந்தது. போருக்காகத் தற்காலிகமாகக் கொண்டுவந்த கடவுச்சீட்டுக் கட்டுப்பாடு பிறகு போகவே இல்லை. 1920இல் பாரிஸில் உலக நாடுகள் சங்கம் கூட்டிய மாநாடு, கடவுச்சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு பொது வடிவத்தைச் சொன்னது. எங்கட கையில் இன்று இருக்கிற சின்னப் புத்தகத்தின் பூர்வீகம் அங்கேதான்.

வாகனத்துக்கும் தனிக் கடதாசி உண்டு. ஒரு நாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோனால், அதை அங்கேயே விற்றுவிடுவாய் என்று சுங்கம் சந்தேகிக்கும். ஆகவே இறக்குமதி வரியை வைப்பாகக் கட்டு, திரும்பிப் போகும்போது தருகிறோம் என்பார்கள். பத்து நாடு போகிறவர் பத்து இடத்தில் காசு கட்டவேணும். இதுக்கு மாற்றாக மோட்டார் வாகனச் சங்கங்கள் பொறுப்பு நிற்கத் தொடங்கின. அப்படி வளர்ந்ததுதான் இன்று 'கார்னே' என்று சொல்லப்படுகிற புத்தகம். ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதி. நுழையும்போது சுங்கம் ஒன்றைக் கிழித்து எடுக்கும், வெளியேறும்போது இன்னொன்றை எடுக்கும், முத்திரை குத்திய மூன்றாவது பகுதி அடிக்கட்டையாகப் புத்தகத்திலேயே நிற்கும். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம், வரியை யாராவது கட்டவேணும். அதனால் புத்தகம் தருகிற சங்கம் முன்கூட்டியே பிணைக்காசு கேட்கும். சில நாடுகளுக்கு அந்தப் பிணை வண்டியின் பெறுமதியையே தாண்டிவிடும். 1954இல் நியூயோர்க்கில் செய்த சுங்க உடன்படிக்கை இந்த முறையை உலகம் முழுக்க ஒழுங்குபடுத்தியது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 1926 பாரிஸ், 1949 ஜெனிவா, 1968 வியன்னா என்று தனியாக ஒரு வரிசை உடன்படிக்கைகள் இருக்கின்றன.

இந்தக் கடதாசிக் காலத்துக்குள் துணிந்து இறங்கிய இரண்டு பெண்களின் திட்டம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. தெரேசா வொலக் பொறியியல் படித்தவர். புளோரன்ஸ் பிளென்கிரன் புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்ட பெண். இருவரும் 600 சீசீ பன்தர் வண்டியில் சைட் கார் ஒன்றையும் பின்னால் ட்றெய்லர் ஒன்றையும் கொழுவிக்கொண்டு 1934 டிசம்பர் 11 அன்று லண்டனில் இருந்து கேப் டவுணுக்கு வெளிக்கிட்டார்கள். சஹாராவைக் கடக்க அல்ஜீரியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகளின் அனுமதி வேணும். இரண்டு பெண்கள் தனியாகப் போவதா என்ற தயக்கத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் கடக்கவேண்டியிருந்தது. திசைகாட்டி கூட இல்லாமல் பாலைவனத்தைக் கடந்தார்கள். வழியில் எஞ்சின் பழுதாகிப் பிரித்துப் பூட்டினார்கள். 1935 யூலை 29 அன்று கேப் டவுணுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணால் முடியாது என்ற கதைக்கு அது நல்ல பதில். பிறகு இரண்டாம் உலகப் போரில் வொலக் பிரித்தானிய இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு ஓடினார்.

ஆனால் வரைபடத்தை விரித்து அந்தப் பாதையைப் பாருங்கோ. ஒரு கண்டம் முழுக்கப் போனாலும் அவர்கள் முகம் கொடுத்தது பெரும்பாலும் பிரெஞ்சு, பெல்ஜிய, பிரித்தானிய அதிகாரிகளுக்குத்தான். பயணம் போய் முடிந்த தென்னாபிரிக்காவில், 1923ஆம் ஆண்டின் நகர்ப்புறச் சட்டத்துக்குப் பிறகு கறுப்பின ஆண்கள் நகரத்துக்குள் நடமாடப் பாஸ் வைத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் இருந்து வந்த பெண்களுக்குத் திறந்த நகரம், அந்த மண்ணின் ஆட்களிடம் கடதாசி கேட்டது. அவர்களுடைய வீரத்தையும் இந்த உண்மையையும் நாங்கள் ஒன்றாகவே வாசிக்கவேணும் என்று நினைக்கிறோம். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கத் தேவையில்லை.

கடதாசி எல்லாம் சரியாக இருந்தாலும் உலகம் சரியாக இருக்கவேணும். பத்திரிகையாளர் டெட் சைமன் 1973 ஒக்டோபர் 6 அன்று, சண்டே டைம்ஸ் பத்திரிகையின் ஆதரவோடு, ட்ரயம்ப் டைகர் 100 வண்டியில் லண்டனில் இருந்து வெளிக்கிட்டார். அவருடைய திட்டப்படி எகிப்தைக் கடக்கவேணும். அதே நாளில்தான் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரைத் தொடங்கின. அவர் திரும்பி வர நாலு வருடம் சென்றது. இடையில் பிரேசிலில் உளவாளி என்ற சந்தேகத்தில் பிடித்தும் வைத்தார்கள். 1979இல் அவருடைய 'ஜூப்பிட்டர்ஸ் ட்ரவல்ஸ்' புத்தகம் வெளிவந்தது. ஈரானில் புரட்சி நடந்ததும், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதும் அதே வருடம்தான். ஐரோப்பாவில் இருந்து காத்மாண்டு வரை இளைஞர்கள் தரைவழியாக வந்துபோன பாதை அதோடு அடைபட்டது.

சரி, நாங்கள்? எங்களுக்கு முதல் தடையே கடல். 1914இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு பாதை மாறி இராமேஸ்வரத்துக்கு ஓடி, போர்க்காலத்தில் நின்றுபோனது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அது ஆட்களை ஏற்றுகிற கப்பல். வண்டியைக் கொண்டுபோவதென்றால் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் ஏற்றவேணும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான் எல்லாம் கார்னே கேட்கிற நாடுகள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் தருகிறது, அது பெரிய வேலையில்லை. பெரிய வேலை விசா. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர் எல்லையில் காட்டிவிட்டுப் போகிற நாட்டுக்கு, நாங்கள் வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், திரும்பி வருவோம் என்பதற்கான அத்தாட்சி எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேணும். மாணவர்களிடம் இதில் எது இருக்கிறது?

இது எங்களுக்குப் புதிசும் இல்லை. எங்கட அம்மா அப்பாமாரின் தலைமுறைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போவதே வெளிநாட்டுப் பயணம் மாதிரித்தான் இருந்தது. வெளியேற இயக்கத்திடம் பாஸ், வவுனியாவில் தங்கவும் தாண்டவும் ஆமியிடம் பாஸ். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள் இங்கே எல்லா ஊரிலும் இருந்தன. ஏ9 பாதை 2002இல் திறந்து 2006இல் மீண்டும் பூட்டப்பட்டது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் கோடு காட்டி எண்ணெய் அடித்த வரிசை எங்கட சொந்த அனுபவம். அந்தப் பயணங்களை யாரும் சாகசம் என்று எழுதவில்லை. ஆனால் பாதை, எரிபொருள், அனுமதி மூன்றையும் கணக்குப் போட்டுத் திட்டமிடுவதில் எங்கட பெற்றோர் கிளான்சிக்குக் குறைந்தவர்கள் இல்லை.

அதனால் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, போகவேண்டாம் என்பதல்ல. வண்டியைத் தெரிவு செய்ய முதல் கடவுச்சீட்டின் செல்லுபடித் திகதியைப் பாருங்கோ. எந்த நாட்டு விசா எத்தனை நாளில் வரும், கார்னேக்கு எவ்வளவு பிணை, எந்த எல்லை இப்போது பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கோ. பாதையைக் கீறுவது அதுக்குப் பிறகு. போய்வந்தால், கடந்த மலைகளைப் பற்றி மட்டும் எழுதாமல், எல்லையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், என்ன கேட்டார்கள், பக்கத்து வரிசையில் நின்றவரை ஏன் உடனே விட்டார்கள் என்பதையும் எழுதுங்கோ. கிளான்சியின் கட்டுரைகள் நூறு வருடம் தாண்டியும் வாசிக்கக் கிடைக்கின்றன. தகரத் துண்டோடு வந்தவர்கள் தங்கட பயணத்தை எழுதிவைக்க யாரும் இடம் கொடுக்கவில்லை. அடுத்த நூறு வருடத்துக்கும் அப்படியே விடவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.