பழவேற்காட்டு முகத்துவாரம்

1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் பழவேற்காட்டில் ஜெல்டிரியாக் கோட்டையை எழுப்பியதற்கும், 1825-இல் அவ்வூர் முற்றாக ஆங்கிலேயர் வசமானதற்கும் சரித்திர நூல்கள் சாட்சியம் பகரும். ஆயினும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களின் ஜீவாதாரமான, ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தைப் பேணிவந்த மீனவர் உழைப்பும் சரித்திரமே என்பதை நாம் மறக்கலாகாது.

வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் பெருக்கெடுக்க, அவ்வெள்ளத்தின் வேகமே மணல்மேட்டை அறுத்துக் கடலுக்கு வழிவிடும். கோடையில் ஆற்று வரத்து நின்றதும், கரையோர நீரோட்டம் வாரிக்கொணரும் மணல் அவ்வழியை மெல்ல மெல்லத் தூர்த்துவிடும். அப்போது இறால் குஞ்சுகள் ஏரிக்குள் புகுவது தடைப்படும்; நீரில் உப்பேறும்; படகுகள் கடலேக மார்க்கமின்றி நிற்கும். முறைவைத்து வலையிடும் 'பாடு' வழக்கத்தைக் கட்டிக்காத்த அதே சமூக ஒழுங்குடன், மீனவர் மண்வெட்டியும் கூடையும் ஏந்தி மணலை வெட்டித் திறந்தனர்.

பிற்காலத்தில் இப்பணிக்குப் பொக்லைன் எனும் மணல் வெட்டும் யந்திரம் வந்தது. அதன் பலமெல்லாம் எண்ணெயின் அழுத்தத்திலேயே அடங்கியிருப்பதால், உப்புக் காற்றும் நுண்மணலும் அதற்குப் பரம சத்துருக்கள். பளபளக்கும் பிஸ்டன் தண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து, எண்ணெய் கசிந்து, யந்திரக் கை தளர்ந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் தண்டை நன்னீரால் கழுவித் துடைத்து, மூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்றி, எண்ணெய் அளவைப் பார்த்துவைப்பது இன்றியமையாத நியமமாகும்.

கையாயினும் யந்திரமாயினும், ஒருமுறை திறந்துவிட்டு ஓய்ந்திருக்க இயற்கை இடந்தராது. இடையறாப் பராமரிப்பை அரசும் ஊரும் தர்மமாக ஏற்றால்தான் இக்குப்பங்கள் வாழும்.