தாய்லாந்து பீச்சில் இருந்து சென்னை ஆபீஸ் வேலை... சட்டப்படி முடியுமா? விசா, வரி, கம்பெனி அனுமதி - முழு விவரம்

காலையில் கடற்கரை, மதியம் லேப்டாப், வேலை முடிந்ததும் நைட் மார்க்கெட். ரீல்ஸில் இப்படி ஒரு வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, "நமக்கும் வொர்க் ஃப்ரம் ஹோம்தானே... அந்த ஹோம் எங்க இருந்தா என்ன?" என்று ஒருமுறையாவது யோசிக்காத ஐ.டி. ஊழியர்கள் குறைவு. லீவு போடாமலே ஊர் சுற்றலாம், சம்பளமும் வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்தியாவுக்குள் என்றால் இது பெரும்பாலும் மேனேஜர் சம்மதத்தோடு முடிந்துவிடும் விஷயம். வெளிநாடு என்றால் கதையே வேறு. அந்த நாட்டின் விசா விதி, வருமான வரி, கம்பெனியின் டேட்டா பாதுகாப்பு விதி என மூன்றும் ஒரே நேரத்தில் குறுக்கே வரும். ஒன்றில் சிக்கினாலும் டூர் மட்டுமல்ல, வேலையும் கைவிட்டுப் போகலாம்.

'டிஜிட்டல் நோமேட்' விசா எப்படி வந்தது?

கொரோனா காலத்தில் சுற்றுலா படுத்துவிட்டது. ஹோட்டல்கள் காலி. அதே நேரத்தில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வீட்டில் இருந்தே வேலை பார்த்தார்கள். 'அந்த வேலையை எங்கள் நாட்டுக்கு வந்து பாருங்கள், எங்கள் ஊரில் செலவு செய்யுங்கள்' என்று சில நாடுகள் கதவைத் திறந்தன. 2020 ஜூலையில் கரீபியன் தீவு நாடான பார்படோஸ் ஓராண்டு தங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே எஸ்டோனியா இறங்கியது. துபாய், மலேசியா, ஸ்பெயின், இந்தோனேசியா, தாய்லாந்து என்று பட்டியல் நீண்டது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சம்பளம் வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்து வர வேண்டும். உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கக் கூடாது. சொந்தச் செலவைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

தாய்லாந்து டி.டி.வி. விசா என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களுக்குப் பக்கமாகவும் பழக்கமாகவும் இருப்பது தாய்லாந்து. 2024 ஜூலை 15 முதல் அந்த நாடு 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா' என்ற புது விசாவைக் கொடுக்கிறது. சுருக்கமாக டி.டி.வி. ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 180 நாட்கள் வரை தங்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். வயது 20-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அடிப்படைக் கட்டணம் 10,000 பாட். விண்ணப்பிக்கும் தூதரகத்தைப் பொறுத்து கொஞ்சம் மாறும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும். நம்ம ஊர் பணத்தில் சுமார் 13 லட்சம் ரூபாய்க்கு மேல். இதைக் கட்டணமாகக் கட்ட வேண்டியதில்லை, இருப்பாகக் காட்டினால் போதும். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் ஆன ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

மற்ற நாடுகள் இதைவிடக் கடுமை. மலேசியாவின் 'டி.இ. ரந்தாவ்' திட்டத்தில் ஐ.டி. துறையினருக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 டாலர் வேண்டும். அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். துபாயில் மாதம் 3,500 டாலர். இந்தோனேசியாவின் ஓராண்டு ரிமோட் வொர்க்கர் விசாவுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர், 50 லட்சம் ரூபாயைத் தாண்டும். பாலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கனவு, நம்ம ஊர் சம்பளத்தில் எத்தனை பேருக்குக் கைகூடும் என்று கணக்குப் போட்டால், மலேசியாவும் தாய்லாந்தும்தான் ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

மேனேஜருக்குத் தெரியாமல் போக முடியுமா?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். டி.டி.வி. விசாவுக்கு விண்ணப்பிக்க, வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பதற்கான ஒப்பந்தம் அல்லது சான்று தேவை. சொந்தமாக ஃப்ரீலான்ஸ் செய்பவர் என்றால் தான் செய்த வேலைகளின் தொகுப்பைக் காட்டலாம். மலேசியாவும் வேலை ஒப்பந்தத்தைக் கேட்கிறது. அதாவது, நேர்வழியில் விசா வாங்கும் மாதச் சம்பளக்காரர் கம்பெனியின் காகிதத்தோடுதான் போக வேண்டும். 'சத்தமில்லாமல் போயிட்டு வந்துடலாம்' என்று நினைப்பவருக்கு மிஞ்சுவது டூரிஸ்ட்டாகப் போகும் வழி மட்டும்தான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டூரிஸ்ட்டாகப் போய் லேப்டாப்பைத் திறந்தால் குற்றமா?

இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 60 நாட்கள் வரை தங்க 2024 ஜூலையில் தாய்லாந்து அனுமதி அளித்தது. மலேசியா 2023 டிசம்பரில் இருந்து 30 நாட்கள் அனுமதித்தது. இந்த நாள் கணக்கை நாடுகள் அடிக்கடி மாற்றுவதால், டிக்கெட் போடும் முன்பு தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் இந்த அனுமதி எல்லாமே முக்கியமாகச் சுற்றிப் பார்க்கத்தான்.

ஹோட்டல் அறையில் ரெண்டு மெயிலுக்குப் பதில் போட்டதற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. அதற்காக அது சட்டம் தந்த உரிமை ஆகிவிடாது. தாய்லாந்தில் வெர்க் பர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் விதிக்கவும், நாட்டை விட்டு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த ஊர் கஃபேயில் பார்ட் டைம் வேலை, யோகா கிளாஸ், உள்ளூர் கஸ்டமருக்குப் போட்டோ ஷூட் எல்லாம் சந்தேகமே இல்லாமல் இதில் வரும். டி.டி.வி. வைத்திருந்தாலும் இவற்றைச் செய்யக் கூடாது. இந்தியக் கம்பெனிக்காக லேப்டாப்பில் செய்யும் வேலை டூரிஸ்ட்டுக்கு ஓர் இருட்டு மூலை. பிரச்சினை வந்தால் கைகாட்ட ஒரு விதிகூட இருக்காது. இமிகிரேஷன் கவுண்ட்டரில் "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டால் "வேலை பார்க்க" என்று சொன்னாலும் சிக்கல், பொய் சொன்னாலும் சிக்கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிமோட் வேலையோடு தாய்லாந்து போவது வேறு. தாய்லாந்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாரோ அழைப்பது வேறு. 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை' என்று ஆசைகாட்டி தாய்லாந்துக்கு வரவழைத்து, அங்கிருந்து மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி இந்திய இளைஞர்களைக் கொடுமைப்படுத்தும் கும்பல்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதம் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் இலவசம் என்று ஒரு முன்பின் தெரியாத ஏஜென்ட் சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடலாம்.

கம்பெனி ஏன் மறுக்கிறது?

"எங்க இருந்து பார்த்தாலும் அதே வேலைதானே" என்பது ஊழியரின் வாதம். கம்பெனிக்கு அப்படி இல்லை. அமெரிக்க வங்கியின் கணக்கு விவரத்தையோ, நோயாளிகளின் மருத்துவ ரெக்கார்டையோ கையாளும் பிராஜெக்ட்களில், இந்த டேட்டாவை எந்த நாட்டில் இருந்து பார்க்கலாம் என்று கிளையன்ட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். சென்னையில் இருந்து பார்க்கலாம் என்ற அனுமதி பாங்காக்குக்குச் செல்லாது.

அடுத்தது வரி. ஓர் ஊழியர் வேறு நாட்டில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்தால், கம்பெனிக்கே அங்கே ஒரு நிலையான அலுவலகம் இருப்பதாக அந்த நாட்டு வரித்துறை கருத வாய்ப்பு உண்டு. ஒருவர் பீச்சுக்குப் போனதற்காக கம்பெனி இன்னொரு நாட்டில் வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நிலை வந்தால் எந்த ஹெச்.ஆர். ஒப்புக்கொள்வார்? தாராளமாக அனுமதிக்கும் கம்பெனிகள்கூட இதனால்தான் நாள் கணக்கு வைத்திருக்கின்றன. 2022-ல் 'எங்கிருந்தும் வேலை' என்று அறிவித்த ஏர்பிஎன்பி நிறுவனமும், ஒரு வெளிநாட்டில் ஆண்டுக்கு 90 நாட்கள் என்றுதான் எல்லை வைத்தது.

நம்ம ஊர் பெரிய கம்பெனிகளில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2023 அக்டோபரில் இருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொன்னது டி.சி.எஸ். இன்ஃபோசிஸில் மாதத்துக்குக் குறைந்தது 10 நாட்கள் என்ற விதி 2025 மார்ச்சில் வந்தது.

வி.பி.என். போட்டு மறைத்தால்?

கண்டுபிடிப்பார்கள். கம்பெனி லேப்டாப் ஒவ்வொரு முறை லாகின் ஆகும்போதும் ஐ.பி. முகவரி, நேரம், நெட்வொர்க் எல்லாம் பதிவாகும். மதியம் வேளச்சேரி, அன்று இரவே ஃபூக்கெட் என்று இருந்தால் செக்யூரிட்டி டீமுக்குத் தானாகவே அலர்ட் போகும். தனியார் வி.பி.என். ஆப்பை அதில் ஏற்றுவது பல கம்பெனிகளில் தனியாகவே ஒரு விதிமீறல். ஊர் மாறியதை மன்னிக்கிற மேனேஜர்கூட, மறைக்கப் பார்த்ததை மன்னிப்பது கஷ்டம். வேலைநீக்கக் கடிதத்தில் அது 'டேட்டா பாதுகாப்பு விதிமீறல்' என்று பதிவாகிவிட்டால் அடுத்த வேலைக்கான பேக்ரவுண்ட் செக்கிலும் துரத்தும்.

வரி எங்கே கட்டணும்?

ஒரு மாதம், இரண்டு மாதம் போய் வருகிறவருக்கு இந்தியாவில் எதுவும் மாறாது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் அவர் இந்தியாவில் வசிப்பவர். டி.டி.எஸ்., பி.எஃப். பிடித்தம் வழக்கம்போல நடக்கும்.

நாட்கள் கூடும்போதுதான் தலைவலி. தாய்லாந்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டில் 180 நாட்கள் தங்கினாலே அந்த நாட்டு வரிக் கணக்கில் வசிப்பவர் ஆகிவிடுவார். 2024 முதல், அப்படிப்பட்டவர் வெளிநாட்டில் சம்பாதித்து தாய்லாந்துக்குள் கொண்டுவரும் பணத்துக்கும் வரி உண்டு. ஜூலை 5 முதல் டிசம்பர் 31 வரை ஒருவர் அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய்லாந்து கணக்கில் சரியாக 180 நாட்கள். அதே நிதியாண்டில் இந்தியாவில் அவர் இருந்தது 185 நாட்கள். இரண்டு நாடுகளுமே 'இவர் எங்க ஆள்' என்று உரிமை கோரலாம்! இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டி வராது. ஆனால் நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். ஆடிட்டர் ஃபீஸ் தனி. மூன்று மாதத்துக்குள் பயணத்தை முடித்துக்கொண்டால் இந்த நாள் கணக்குத் தொல்லை இல்லை.

மருத்துவக் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். கம்பெனி தரும் குரூப் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டும்தான் செல்லும். தாய்லாந்தில் வாடகை ஸ்கூட்டரில் விழுந்தால் பில் உங்கள் கையில்.

அப்போ யாருக்கு இது ஒத்துவரும்?

நேர வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. சென்னையில் மதியம் 2 முதல் இரவு 11 வரை ஷிஃப்ட் என்றால் அங்கே மாலை 3.30 முதல் நள்ளிரவு 12.30 வரை. காலை முழுக்க சுற்றலாம், மாலைப் பொழுது போச்சு. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே என்பதால் அதே ஷிஃப்ட் 12.30 முதல் 9.30 வரை. எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் ஸ்க்ரீன் முன்னால்தான். நான்கு நாளில் ஐந்து ஊர் பார்க்கும் டூர் பழக்கம் இதற்குச் சரிவராது. ஒரே ஊரில் மூன்று வாரம் தங்கி, வார இறுதிகளில் வெளியே போவதுதான் நடைமுறை. அறை வாடகையும் மாதக் கணக்கில் பேசினால் குறையும்.

அனுமதி கிடைப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது வேறொரு சின்ன உத்தி. ஒரு வாரம் லீவு, அதற்கு முன்னும் பின்னும் உள்நாட்டில் இருந்தே ரிமோட் வேலை. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு அடித்துக்கொள்ளாமல் செவ்வாய்க்கிழமை கிளம்பலாம். அன்றைய டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், பெரும்பாலும் விலையும் குறைவு. விசா வேண்டாம், வரிக் குழப்பம் இல்லை. மேனேஜரின் ஒரு மெயில் போதும். அந்த மெயிலில் ஊர், தேதி இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். "வாயால சொன்னாரே" என்பது டீம் மாறும்போது உதவாது.

இந்தியாவுக்குள்ளும் சில ஊர்களுக்கு முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போவதென்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வைக்கப்படுகிறது. அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக இன்னர் லைன் பர்மிட் தேவை. காஷ்மீர், லடாக்கில் இருந்து வேலை பார்க்க நினைப்பவர்களின் தமிழ்நாட்டு பிரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும். திங்கட்கிழமை காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நேரத்தில் லே-யில் சிக்னல் தேடுவதற்குப் பதில், கிளம்பும் முன்பே சிம்மை மாற்றிவிடலாம்.