சணல் கயிறு யக்ஷியான கதை

கயிற்றுக்கு நம் வீடுகளில் வேலை நிறைய உண்டு. கிணற்றில் வாளி இறக்க, மாட்டைக் கட்ட, கட்டில் பின்ன, தயிர்ப்பானையைப் பூனைக்கு எட்டாமல் வைக்க உறி கட்ட என்று நாள் முழுக்க அது உழைக்கும். ஆனாலும் கயிற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது தாங்கும் பொருளைத்தான் பார்க்கிறோம். அந்தக் கயிற்றையே நின்று பார்க்க வேண்டிய பொருளாக ஆக்கியவர் மிருணாளினி முகர்ஜி.

1984-இல் அவர் செய்த ‘யக்ஷி’ ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறாள். உடல் முழுக்கச் சாயம் தோய்த்த சணல் கயிறு. கல்லும் மரமும் வெண்கலமும் இல்லாமல், மடிப்பு மடிப்பாக வளைந்தும் விரிந்தும் இறங்கும் முடிச்சுகளே அவளுக்குத் தோளும் இடையும் மடியும் ஆகின்றன. பெண்ணா, மரமா, பூவா என்று சொல்ல முடியாத உருவம். இப்படி ஒரு சிற்பம் பிறக்க ஒரு கலைஞரின் கற்பனை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அதற்கு முன் மூன்று தலைமுறை ஆசிரியர்கள் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார்கள்.

தாகூர் 1919-இல் சாந்திநிகேதனில் கலாபவனத்தைத் தொடங்கினார். அதை வழிநடத்திய நந்தலால் போஸ் ஓவியத்தோடு தரைக்கோலம், பாத்திக் சாயவேலை, தோல்வேலை எல்லாவற்றையும் ஒரே மதிப்போடு கற்பித்தார். அவரிடம் படித்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் ராமானுஜர், கபீர் முதலிய இடைக்கால அருளாளர்களின் வாழ்வை 1946-47-இல் பிரம்மாண்டமான சுவரோவியமாக வரைந்தவர் அவர். பிறவியிலேயே பார்வை மங்கியவர், ஐம்பதுகளில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் முற்றிலும் பார்வை இழந்தார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் உருவம் பிடித்தார், 1972-இல் கலாபவனத்துக்கு ஓடுகளால் ஒரு சுவரோவியமே செய்தார். அவருடைய மனைவி லீலா முகர்ஜி மரத்திலும் வெண்கலத்திலும் வடித்த சிற்பி. இவர்களின் ஒரே மகள்தான் மிருணாளினி. 1949-இல் பம்பாயில் பிறந்து டேராடூன் மலையடிவாரத்தில் வளர்ந்தார். விடுமுறை நாட்கள் சாந்திநிகேதனில் கழிந்தன. செடிகொடிகளின் மீதான பற்று இரண்டு இடங்களிலும் சேர்ந்து வளர்ந்தது. கண்ணால் பார்க்காமல் விரலால் உருவம் அறியும் தந்தை ஒருபுறம், உளியோடு மரத்தைச் செதுக்கும் தாய் மறுபுறம். கலை என்பது கை செய்யும் வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் மிருணாளினி பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். பட்டம் பெற்றதும் சுவரோவியத்தில் மேல்படிப்பு. ஆசிரியர் கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதனுக்குப் போய்ப் பினோத் பிஹாரியின் மாணவரானவர். ஆக, தந்தையின் மாணவரே மகளுக்கு ஆசிரியரானார்.

சுப்பிரமணியன் சில காலம் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தவர். தறியையும் நெசவாளரையும் அருகிலிருந்து அறிந்தவர். சுடுமண்ணில் சுவரோவியம் செய்தார், தோலிலும் மரத்திலும் பொம்மை செய்தார், கண்ணாடியில் வரைந்தார். பரோடாவில் நடந்த கலைச் சந்தைகளுக்காக ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து விளையாட்டுப் பொருட்களும் கைவினைப் பொருட்களும் செய்வார்கள். சுவரோவியம் என்றால் ஈரச்சுண்ணாம்பும் வண்ணமும் மட்டும் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. சுவருக்கு உரியது எதுவானாலும் அது பாடம்தான். நாரும் அப்படித்தான் அந்த வகுப்பறைக்குள் வந்தது.

மிருணாளினியின் கை அந்த நாரைப் பற்றிக்கொண்டது. 1972-இல் செய்த ‘அணில்’ போன்ற தொடக்ககால வேலைகள் சுவரைச் சார்ந்தவை. 1975-இல் ‘அருவி’. அந்த ஆண்டுகளில் மேக்ரமே எனப்படும் முடிச்சுக் கலை உலகெங்கும் பரவியிருந்தது. பூந்தொட்டி தொங்கவிடவும் அறைக்கு அலங்காரம் செய்யவும் வீட்டுப் பெண்கள் பழகிய பொழுதுபோக்கு என்றே அதற்குப் பெயர். அதே எளிய முடிச்சைத்தான் மிருணாளினியும் எடுத்தார். ஆனால் அதை அலங்காரத்தோடு நிறுத்தாமல் உடல் உண்டாக்கப் பயன்படுத்தினார். ‘நாக தேவதை’ செய்த 1979 வாக்கில் உருவங்கள் சுவரை விட்டுத் திரண்டு வரத் தொடங்கின. எண்பதுகளில் அவை தனித்து நின்றன.

வேலை நடக்கும் விதம் கடுமையானது. சந்தையில் வாங்கிய சணல் கயிறு அப்படியே உதவாது. தரம் பிரிக்க வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், சாயத்தில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். ஊதா, குங்குமச் சிவப்பு, மஞ்சள், பாசிப்பச்சை என்று கயிறு தயாரானதும் இரும்புச் சட்டத்தில் கட்டியோ மேலிருந்து தொங்கவிட்டோ முடியத் தொடங்குவார். முன்கூட்டி வரைந்த படம் கிடையாது, மாதிரி உருவமும் கிடையாது. தறியும் ஊசியும் இல்லை. கையால் முடிச்சு, அதன்மேல் முடிச்சு. இறுக்கி முடிந்த இடம் விறைத்து நிற்கும், தளர்த்திய இடம் துணிபோலச் சரியும். புரிகளைக் கூட்டினால் உருவம் விரியும், குறைத்தால் ஒடுங்கும். உருவம் போகும் திசையைக் கயிற்றின் கனமும் அவருடைய விரலும் சேர்ந்து தீர்மானித்தன. பெரிய சிற்பம் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும்.

கல்லில் தவறிய உளி தவறியதுதான். கயிற்றில் முடிச்சை அவிழ்க்கலாம். அந்தச் சுதந்திரம் இல்லையென்றால் வரைபடம் இல்லாத இந்த உருவங்கள் பிறந்திருக்க முடியாது. சிற்பி செதுக்கி நீக்கிப் பெறும் உருவத்தை இவர் முடிந்து வளர்த்தார். அதனால்தான் அவருடைய சிற்பங்கள் செய்யப்பட்டவை போலத் தோன்றாமல் முளைத்தவை போலத் தோன்றுகின்றன. ‘ருத்ரா’, ‘தேவி’, ‘பசந்தி’, ‘வனஸ்ரீ’, ‘ஆதி புஷ்பம்’ என்று அவர் தெய்வப் பெயர்களையும் தாவரப் பெயர்களையும் சூட்டினார். இதழ் விரிந்தால் அது பெண்ணின் குறியாகவும் தெரியும், கிரீடமாகவும் தெரியும். எந்த ஆகமத்தின் இலக்கணத்திலும் அந்தத் தெய்வங்கள் இல்லை. ஆனால் கோயில் கருவறைக்குள் நுழையும்போது உண்டாகும் மலைப்பு பார்ப்பவருக்கு உண்டாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பம் நிறைவேறியிருக்கிறது.

கலையுலகம் எளிதில் ஏற்கவில்லை. போலந்தில் மக்தலேனா அபகனோவிச் அறுபதுகளிலேயே நாரால் பெரும் உருவங்கள் செய்திருந்தாலும், இங்கே நார் என்றால் கைவினை, கைவினை என்றால் ஒரு படி கீழ் என்ற கணக்கே நிலவியது. பரோடாவைச் சேர்ந்த ஓவியர்கள் பலர் மனிதர்களின் கதையை ஓவியத்தில் சொல்லிப் புகழ்பெற்ற காலத்தில், கதை எதையும் சொல்லாத இந்தக் கயிற்று உருவங்களை எங்கே வைப்பது என்று விமர்சகர்களுக்குத் தெரியவில்லை. மிருணாளினி வாதாடவில்லை. ஆண்டுக்கணக்கில் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தார். 1986-இல் சிட்னி பியனாலே கலைக் கண்காட்சியில் அவர் வேலை இடம்பெற்றது. 1994-இல் ஆக்ஸ்ஃபோர்டு நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக்கண்காட்சி நடத்தியது. பின்னாளில் பீங்கானுக்கும், அடுத்து வெண்கலத்துக்கும் போனார். அவற்றிலும் கயிறு கற்றுத்தந்த மடிப்புகளே தொடர்ந்தன.

2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் பெருங்கண்காட்சி தொடங்கியது. சில நாட்களிலேயே, பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் காலமானார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகமும் 2022-இல் வெனிஸ் பியனாலேவும் அந்த உருவங்களை உலகின் முன் நிறுத்தின. லண்டன் டேட் அருங்காட்சியகத்திலும் அவை இருக்கின்றன.

கயிறு சிற்பமானதற்கு மிருணாளினியின் மேதைமை காரணம். அந்த மேதைமையின் கைக்குக் கயிறு எட்டியதற்குக் காரணம், தறியையும் பொம்மையையும் ஓவிய வகுப்பிலிருந்து விலக்கி வைக்காத ஓர் ஆசிரிய மரபு. நம் ஊர்களில் பத்தமடைப் பாயும் பனையோலைக் கூடையும் முடைகிற கைகள் இன்னமும் இருக்கின்றன. அந்தக் கைகளை விற்பனைக் கண்காட்சிக்கு மட்டும் அழைக்கிறோம். கலைக் கல்லூரி வகுப்புக்குள் ஆசிரியர்களாக அழைத்து உட்கார வைக்க வேண்டும். அடுத்த யக்ஷி எந்த நாரிலிருந்து எழுவாள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நார் மாணவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்படி செய்வது நம்மால் முடியும்.