சாய்ந்த லிங்கமும் பூட்டிய மெசேஜும்

இன்னைக்குக் கதை கும்பகோணம் பக்கத்துல, திருப்பனந்தாள்ல ஆரம்பிக்குது. அங்கே அருணஜடேசுவரர் கோவில் புராணம் ஒண்ணு. தாடகைங்கிற பக்தை மாலை சாத்தப் போறப்போ சேலை நழுவுது. முழங்கையால இறுக்கிப் பிடிக்கிறாள். கையைத் தூக்க முடியல. அவள் மானம் காக்க, சிவனே தலையைச் சாய்ச்சாராம். பிறகு அந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானைகளைக் கட்டி இழுத்தும் முடியல.

மானத்துக்கு முன்னால கடவுளே வளையுறார். அரசாங்கம்?

1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காகச் செய்திகளை இடைமறிக்கலாம்னு சொன்னது. எப்படி, எத்தனை நாள் என்பதற்கு முறையான விதிகளே இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 1996-ல பி.யு.சி.எல். வழக்குலதான் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: உள்துறைச் செயலாளர் உத்தரவு வேணும், அது இரண்டு மாசம்தான் செல்லும், நீட்டிச்சாலும் ஆறு மாசம் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு பார்க்கணும்.

ஆனா வாட்ஸ்அப்பை அப்படி நடுவுல ஒட்டுக்கேட்க முடியாது. பூட்டு அனுப்புறவர் ஃபோன்ல, சாவி வாங்குறவர் ஃபோன்ல. கம்பெனியாலேயே படிக்க முடியாது.

போலீஸ் பக்கமும் நியாயம் இருக்கு. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டத்துல, குழந்தை கடத்துறவங்கன்னு பரவின வதந்தியால ஒரு மூதாட்டியை அடிச்சே கொன்னாங்க. அதை முதல்ல கிளப்பிவிட்டது யார்னு கேட்கிறது தப்பா?

அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. சமூக வலைதளக் கணக்குகளோட ஆதாரை இணைக்கணும்னு ஆரம்பிச்சு, மெசேஜோட மூலத்தைக் கண்டுபிடிக்க முடியுமாங்கிற கேள்விக்கு நகர்ந்தது. முடியும்னார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி; வாட்ஸ்அப் மறுத்தது. 2019 அக்டோபர்ல விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2021-ல மத்திய அரசு, முதல்ல அனுப்பினவரைக் காட்டணும்னு விதியே கொண்டுவந்தது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

சிக்கல் இதுதான்: எந்த மெசேஜ் நாளைக்கு வழக்காகும்னு முன்கூட்டியே தெரியாது. அதனால ஒருத்தரைப் பிடிக்க, எல்லார் மெசேஜ்லயும் அடையாளம் போடணும். 2017 புட்டசாமி தீர்ப்பு கேட்கச் சொல்வது இதைத்தான்: சட்டம் இருக்கா, நோக்கம் நியாயமா, தலையீடு அளவோட இருக்கா?

புராணத்துக்கு வருவோம். யானைகள் தோத்த இடத்துல ஜெயிச்சது குங்கிலியக் கலய நாயனார். கயிற்றின் ஒரு முனையைத் தன் கழுத்திலேயே கட்டி இழுத்தார், லிங்கம் நிமிர்ந்தது. நம்ம ரகசியத்தை இழுக்கிற அரசும், கயிற்றின் மறுமுனையைத் தன் கழுத்துல கட்டிக்கட்டும். நீதிமன்றம், கால வரம்பு, மறுஆய்வு, அதுதான் அந்தக் கயிறு.