ஆட்டிசம்... 18 வயசுக்கு அப்புறம் என்ன? - பெருமாள்மலையில நின்னு பார்த்தா!

கொடைக்கானலுக்குப் பஸ்ல போயிருந்தா, பெருமாள்மலையைக் கடந்திருப்பீங்க. வத்தலக்குண்டு ரோட்டுல, பழநிக்குப் பாதை பிரியுற ஜங்ஷன். நமக்கு அது ஒரு டீ ஸ்டாப். ஆட்டிசம் உள்ள 22 வயது இளைஞர் ஒருத்தர் அங்கேயே வசிக்கிறதா கற்பனை பண்ணிக்கோங்க. சாதாரண நாள்ல பனி, தெரிஞ்ச முகங்கள், அமைதி. தனியா கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வந்துடுவார். மே மாசத்து சனிக்கிழமைன்னா ரோடு முழுக்க வேன், விடாத ஹாரன். காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துடுவார். அவர் அதே ஆள்தான்.

ஆட்டிசம்னாலே நமக்கு ஞாபகம் வர்றது குழந்தைகள். ஸ்பீச் தெரபி, சிறப்புப் பள்ளி... 2013-ல வந்த ‘ஹரிதாஸ்’ படத்துலயும் சின்னப் பையன்தான். அந்தப் பையன் வளர்ந்த பிறகு என்ன ஆனான்னு யாரும் கேட்கலை. அரசு ஆவணங்கள்ல ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’னு ஒரு பெயர் இருக்கு. படிக்கவே சங்கடமா இருக்கும். புற உலகம் அவங்கள்ல பலருக்கு நம்மைவிட அதிகமாவே கேட்குது, கண்ணுல குத்துது!

வளர்ந்த ஒருத்தரின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கேனர், 1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகளை விவரித்தார். அதில் முதல் குழந்தை, டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரெஸ்ட் என்ற சின்ன ஊர். அந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், ஏகப்பட்ட நாடுகளைச் சுற்றினார். 2023-ல் 89 வயதில் இறந்தார். தெரிந்தவர்களுக்கு நம்பர் கொடுத்து, அந்த நம்பரை மறக்காமல் சொல்லுவாராம். ‘அவர் அப்படித்தான்’னு ஊர் ஏத்துக்கிச்சு. அந்த வங்கி அவங்க அம்மா வழிக் குடும்பத்தோடதுங்கிறதையும் சொல்லணும். சொந்த வங்கி இல்லாத நம்ம வீடுகளுக்குச் சட்டம்தான் துணை.

முதல்ல, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி கார்டும். ஆட்டிசத்தை அளக்க நம்ம நாட்டுல 40 கேள்விகள் கொண்ட ‘ஐசா’ அளவுகோல் இருக்கு. 40 சதவிகிதத்துக்குக் குறையாம வந்தாதான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மலைவாசிகளுக்கு மாவட்டத் தலைநகரம் திண்டுக்கல். ஹேர்பின் வளைவு, வாந்தி, முன்பின் தெரியாத ஆஸ்பத்திரி வரிசை எல்லாமே ஒரே நாள்ல. அதனால போற இடத்தோட போட்டோவை முன்னாடியே காட்டி, எத்தனை மணிக்கு என்ன நடக்கும்னு எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்தது. அரசு வேலையில 4 சதவிகித இட ஒதுக்கீடு. அதுல ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாருக்கும் சேர்த்து 1 சதவிகிதம்தான். கம்மிதான், ஆனா இருக்குனு தெரியாமலே விட்டுடாதீங்க. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

அடுத்தது, பெத்தவங்க ராத்திரி தூங்காம யோசிக்கிற விஷயம்: ‘எங்களுக்கு அப்புறம் யாரு?’ 18 வயசு முடிஞ்சா, சட்டப்படி அப்பா அம்மாகூட தானாகவே காப்பாளர் கிடையாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, சட்டப்பூர்வ காப்பாளரை நியமிக்கலாம். ஆனா, எல்லாருக்கும் காப்பாளர் தேவைப்படாது. சொந்தமா முடிவெடுக்கிற ஆட்டிசம் இளைஞர்கள் நிறைய பேர் இருக்காங்க. கையெழுத்து வாங்குற வசதிக்காக அந்த உரிமையைப் பறிச்சுடக் கூடாது. முதல்ல அவர்கிட்ட கேளுங்க. பேச்சு வராதவரா இருந்தா, எழுத்தோ படமோ போனோ, ஏதோ ஒரு வழியில பதில் கிடைக்கும்.

வேலையா? விழுப்புரம் மாவட்டத்தில் ‘சிருஷ்டி வில்லேஜ்’ அமைப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து விவசாயம் செய்து வாழ்கிறார்கள். கொடைக்கானல் மலையிலும் காபி, மலைப்பூண்டு, பட்டர் ஃப்ரூட்னு ஒரே வரிசையில திரும்பத் திரும்பச் செய்யுற வேலைகள் இருக்கு. ‘இவங்களுக்கு இதுதான் செட் ஆகும்’னு நாமளே முடிவு பண்ணா தப்பு. பூண்டு வாசனையே ஒருத்தருக்கு ஆகாமப் போகலாம். இன்னொருத்தருக்கு கம்ப்யூட்டர்தான் பிடிக்கலாம். என்ன வேலையா இருந்தாலும், கூலியை அவர் கையில கொடுங்க. அதுல அவர் இஷ்டத்துக்கு ஒரு டீ குடிக்கட்டும்.

2024 மே 7-ம் தேதியில் இருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் எடுக்கணும். அடுத்த முறை அதை எடுத்துட்டு மலை ஏறும்போது ஒரு விஷயம். ஹேர்பின் வளைவுல ஹாரன் அவசியம். பெருமாள்மலை டீக்கடை முன்னாடி வண்டியை நிறுத்தி, ஃப்ரெண்டைக் கூப்பிட ஹாரன் அடிக்கிறது அவசியமே இல்லை. இறங்கிப் போய் கூப்பிடுங்க!